தப்பாகப் பாடும் டீச்சர்

ரெமெய் டீச்சர் ‘மி’ சுரத்தை மயிரிழை இறக்கிப் பாடிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எங்கேயோ இடறுகிறது, ஆனால் வாய் திறக்க ஒன்றுக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்குள் கீழே, பேண்டு சங்கத்தின் காபிக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த ரொட்டிக்கடை பதிஸ்தேயின் குரல் மரத்தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது.

“டீச்சர், தப்பு!”

டீச்சர் குதிகாலால் தரையை ஓங்கி இடித்தார். “உன்னை யாருடா கேட்டா? நாப்பத்தஞ்சு வயசாகுது, இன்னும் சின்னப் புள்ளைங்களோட போட்டிக்கு வர்றே! கட்டையைப் பாத்து ஆடு!”

“காதுல விழுந்தா நான் என்ன பண்றது?”

“பஞ்சு வெச்சுக்க!”

பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “அந்தத் தடியன் சொன்னது செல்லாது. மறுபடி பாடறேன். இந்தத் தடவை தப்பு வேற எடத்துல இருக்கும். காதைத் தீட்டி வெச்சுக்குங்க.”

நம் ஊர் பெனிசோலாவில் பிறந்த குழந்தை எதுவானாலும் ஆறு வயதில் இந்த மாடிக்கு வந்தே தீரவேண்டும். வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கே இரண்டு வருஷம் ஆகும். அதுவரை கையால் தாளம் போட்டு வாயால் சுரம் பாடவேண்டும். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். ஆனால் மற்ற ஊர் டீச்சர்கள் சரியாகப் பாடுவார்கள். நம் டீச்சர் ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்துவைப்பார். கண்டுபிடித்த பிள்ளை எழுந்து நிற்கவேண்டும், மேஜையை ஒரு தட்டு தட்டவேண்டும், டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து, “டீச்சர், தப்பு” என்று சொல்லவேண்டும். பக்கத்துப் பிள்ளையின் காதில் கிசுகிசுத்தால் செல்லாது. தரையைப் பார்த்துச் சொன்னால் செல்லாது. முணுமுணுத்தால், “எனக்குக் காது மந்தம்மா, ஒண்ணும் விழலை” என்று கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அடுத்த தெருவில் ஒரு கொசு சுதி விலகினாலும் கண்டுபிடிக்கிற காது அது. பொய் சொல்வதில் டீச்சருக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

பாராட்டு என்ற பழக்கமே அவரிடம் இல்லை. ஒரு பிள்ளை உயிரைக் கொடுத்துப் பாடி முடித்தால், “பரவால்ல, கேக்க முடிஞ்சுது” என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ சொத்து எழுதி வாங்கிவிட்டது போல இருக்கும்.

இந்தப் பாடத்தின் பலனை ஊர் அனுபவிக்கிறது. பெனிசோலாக்காரர்களுக்கு எதிரில் யாரும் எதையும் தப்பாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. பாதிரியார் பிரசங்கத்தில் ஒரு தேதியை மாற்றிச் சொன்னால் மூன்றாவது வரிசையில் யாராவது எழுந்து நின்றுவிடுவார்கள். நகரத்திலிருந்து வரும் டாக்டர், “இந்த ஊர்ல நோயாளிங்க எனக்கு மருந்து எழுதித் தர்றாங்க” என்று மாற்றல் கேட்டுக்கொண்டிருக்கிறார். தோட்டங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் முறையைப் பற்றிய கூட்டம் காலையில் தொடங்கினால் இருட்டும்வரை நடக்கும். மேஜை தட்டும் சத்தம் சந்தைவரை கேட்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் நம் ஊருக்குத் ‘தப்பூர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்த் தலைவி ஒருநாள் தெருவில் வைத்தே டீச்சரிடம் அழாத குறையாகச் சொன்னாள்: “உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும், அடுத்த வருஷப் புள்ளைங்களையாவது கொஞ்சம் ஊமையா வளத்துக் குடுங்க.”

“மேஜையைத் தட்டிச் சொல்லு, யோசிக்கிறேன்” என்று டீச்சர் நடையைக் கட்டினார்.

ஆள் சின்ன உருவம். நவம்பர் வந்துவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டை. பையில் சாக்கட்டியும் வறுத்த பாதாமும் கலந்து கிடக்கும். பாதாம் கொடுத்தால் ஊதிவிட்டுத்தான் சாப்பிடவேண்டும். தெருவில் நடக்கும்போது நான்கு எண்ணி நடப்பார், குறுக்கே நாய் வந்தால் அந்த நாயும் தாளத்துக்குள் வரும்வரை காத்திருப்பார். துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும்போது தாளம் தப்புகிறது என்று கடைக்காரனை மூன்று முறை வரவழைத்தவர். கடைசித் தடவை அந்த ஆள், “துணி வெளுக்குதா இல்லையாம்மா?” என்று கேட்டுவிட்டான். “வெளுக்குது. ஆனா கேக்க முடியலையே!” என்றார் டீச்சர்.

இந்த ஆளிடம் ஆர்லெத் வந்து சேர்ந்தபோது அவள் பெஞ்சில் உட்காரவே இல்லை, மேஜைக்கு அடியில்தான் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா கீக்கே, ஆரஞ்சு லாரி ஓட்டுகிறவன், மனைவியைப் பிரிந்து மகளோடு இந்த ஊருக்குக் குடிவந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. “பேசத் தெரியும் டீச்சர், எங்கிட்ட நல்லாப் பேசுவா. வெளியில வந்தா பூட்டு போட்டுக்கறா” என்று கீக்கே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். டீச்சர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். “அங்கேருந்து நல்லாக் கேக்குமா?” என்று மட்டும் கேட்டார். தலை ஆடியது. “சரி, அப்ப அங்கேயே இரு” என்று பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டீச்சர் பாடாத தப்பு இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தப்பு என்றால் மேஜைக்கு அடியில் இருந்தவளுக்குத் தனியாக ஒரு தப்பு வைத்தார். அது ஒவ்வொரு வாரமும் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் கழுதைகூடக் கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் துள்ளி எழுந்தால், “உக்காருங்க. இது உங்களுக்கு இல்ல” என்று அதட்டினார். கீழே காபிக்கடையில் பதிஸ்தே காதைப் பொத்திக்கொண்டு தவித்தான். ஒரு மாலை, தாங்க முடியாத ஒரு ‘சோல்’ வந்து விழுந்ததும், மேஜை அடியிலிருந்து டம் என்று ஒரு குத்து. மேலே இருந்த சாக்கட்டி உருண்டது. சிவந்த முகத்தோடு ஆர்லெத் ஊர்ந்து வெளியே வந்தாள்.

“தப்பு தப்பு தப்பு! எத்தனை நாளா தப்பாவே பாடறீங்க!”

“பரவால்ல, கேக்க முடிஞ்சுது” என்றார் டீச்சர். திரும்பிக் கரும்பலகையில் எதையோ வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தார். பலகையில் எழுத்து எதுவும் இருக்கவில்லை.

அன்று திறந்த வாய் இன்னும் மூடவில்லை. இப்போது பத்து வயது. டீச்சர் ஒரு தப்பு வைத்தால் ஆர்லெத் மூன்று கண்டுபிடிக்கிறாள். மிச்ச இரண்டும் டீச்சர் தெரியாமல் செய்தவை. சங்கத்தில், “என்ன வாத்தியம் வேணும்?” என்று கேட்டபோது, வார் மாட்டிக் கையில் பிடித்து ஒன்றோடொன்று அறைகிற பெரிய தாளத்தட்டுகளைக் காட்டினாள். ஏன் என்றதற்கு, “அது ஒண்ணுதான் எல்லாருக்கும் கேக்கும்” என்றாள். கீக்கே டீச்சரிடம் முறையிடப் போனான். “நான் திறந்துவிடுற ஆளுப்பா. மூடுறதுக்கு வேற யாரையாவது பாரு” என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு வாய் பேசுகிற டீச்சரைப் பேண்டில் யாரும் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பேர் சீருடை போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள், வயதில் மூத்த சிலரைத் தவிர அத்தனை பேரும் அவரிடம் படித்தவர்கள். அவர் மட்டும் இல்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

இசைக்காரர்களின் புனிதையான செசிலியாவின் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, அந்த வருஷம் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் பேண்டே நேரில் போய் வீட்டிலிருந்து அழைத்து வருவது நம் வழக்கம். வாசலில் நின்று ஊர் மெட்டை வாசிப்பார்கள். துள்ளி நடக்கிற மெட்டு, கேட்டால் வயசானவர்களுக்கே கால் பரபரக்கும். கதவு திறக்கும், சீருடையும் வாத்தியமுமாகப் பிள்ளை தனியாகப் படியிறங்கி வந்து வரிசையில் சேரும், பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் வேர்க்கடலையும் இனிப்பு ஒயினும் கொடுப்பார்கள். வரிசை அடுத்த வீட்டுக்கு நகரும்.

நாற்பது வருஷத்துக்கும் மேலே ஆகிவிட்டது. அதுவரை ஆண்கள் மட்டுமே வாசித்த பேண்டில் பெண்பிள்ளைகளையும் சேர்ப்பது என்று பெரிய கூச்சலுக்குப் பிறகு முடிவானது. முதல் பெண் ரெமெய். வயது பதினாலு. அவருடைய அப்பா அதே பேண்டில் கிளாரினெட் வாசித்தவர், மகளுக்கும் அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். பெண் சீருடை எப்படி இருக்கும் என்று தைப்பவருக்கே தெரியாத காலம். ஒரு கால்சட்டையை வெட்டிப் பாவாடையாக்கிக் கொடுத்தார்கள். பேண்டு வாசலுக்கு வந்தது. அதிசயத்தைப் பார்க்க ஊரே பால்கனிகளில் தொங்கியது. ரெமெய் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். கை அசையவில்லை. மெட்டு முடிந்தது. வெளியே எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார்கள். அதுவும் முடிந்தது. வரிசையில் நின்ற அப்பா கிளாரினெட்டை உதட்டில் வைத்தார், வரிசை நகர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் வேறு இரண்டு பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து சேர்ந்தார்கள். ரெமெய் பிறகு சங்கத்தில் பெயர் கொடுக்கவே இல்லை. அன்று என்ன ஆயிற்று என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, கேட்கிறவரும் இல்லை.

ஆனால் கிளாரினெட்டை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்து ஊரே கண்ணயரும் நேரத்தில், டீச்சர் ஜன்னல் மறைப்புகளை எல்லாம் இறக்கிவிட்டு, கதவிடுக்கில் துண்டு சுருட்டி வைத்துவிட்டு வாசிப்பார். வெளியே பூச்சிக்குக்கூடக் கேட்காது என்பது அவருடைய நம்பிக்கை. ஐயோ பாவம்! ஊர் முழுக்க நிசப்தமாக இருக்கிற ஒரே நேரம் அதுதானே? தெருவுக்கே கேட்கும். பதிஸ்தே ரேடியோவை அணைத்துவிடுவான். லாரிக்காரர்கள் மூலையிலேயே இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். எதற்கெடுத்தாலும் மேஜை தட்டுகிற இந்த ஊர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டது. யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. அவர் தெருவில் எதிர்ப்பட்டால், “நல்லாத் தூங்கினீங்களா டீச்சர்?” என்பார்கள். “அசந்துட்டேன்” என்பார் அவர்.

செசிலியா ஞாயிறன்று டீச்சருக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, புதுப் பிள்ளையோடு வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நிற்பது. பிள்ளை போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, வரிசை நகர்ந்தபிறகு கொல்லை வழியாக அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடுவார். உள்ளே நடப்பது என்ன என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரியும். “பயப்படாதே கண்ணு” என்பதெல்லாம் கிடையாது. சண்டை இழுப்பார். “உன் தொப்பியைப் பாரு, சட்டியைக் கவுத்த மாதிரி இருக்கு.” “அப்பவே சொன்னேன், நீ புல்லாங்குழல் எடுத்திருக்கணும்.” மெட்டு முடிவதற்குள் பிள்ளைக்குக் காதுவரை கோபம் ஏறிவிடும், கதவைப் பிளந்துகொண்டு வெளியே பாயும். சங்கத்துச் சுவரில் வருஷவாரியாக மாட்டியிருக்கிற புகைப்படங்களைப் பாருங்கள். படியிறங்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் யாரையோ அடிக்கப் போகிறவர்கள் போல முறைத்துக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், “இது என்ன, கட்டாய ராணுவமா?” என்று கேட்கிறார்கள்.

இந்த வருஷம் கடைசி வீடு ஆர்லெத்தின் வீடு. கீக்கே காலையிலிருந்து பத்து முறை ஒயின் குப்பிகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையில் வியர்வையோடு வாசலுக்குப் போனான். கதவு மூடிக்கொண்டது. உள்ளே, கதவுக்குப் பின்னாலிருந்த குறுகலான நடையில் டீச்சரும் ஆர்லெத்தும். தெருக்கோடியில் பேண்டு திரும்புவது கேட்டது.

டீச்சர் வேலையைத் தொடங்கினார். “போன வாரம் ரெண்டு எடத்துல தாமதமா அடிச்சே.”

“மூணு எடம்” என்றாள் ஆர்லெத்.

“காலணி அழுக்கு.”

“ஆமா.”

“இந்தத் தட்டு உனக்குப் பெருசு. முகமே தெரியலை, தட்டுக்கு ரெண்டு கால் முளைச்ச மாதிரி இருக்கே.”

ஆர்லெத் சிரித்தாள். கோபமே வராத பிள்ளையை என்ன செய்வது என்று டீச்சருக்குத் தெரியாது. வாசலில் காலடிச் சத்தம் நின்றது. ஊர் மெட்டு முழங்கத் தொடங்கியது. நடையில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது.

“ம், போ” என்றார் டீச்சர்.

“நீங்க?”

“நான் இங்கதான். என் எடம் இது.”

ஆர்லெத் ஒரு தட்டால் சுவரை மெதுவாக இடித்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். “டீச்சர், தப்பு.”

“விளையாடாதடி. மெட்டு ஓடுது.”

“நீங்களும் வாங்க.”

“எங்கிட்ட வாத்தியம் இல்ல. நான் வாசிக்கிற ஆளும் இல்ல.”

“தினம் மத்தியானம் கிளாரினெட் வாசிக்கிறீங்களே.”

டீச்சர் மிகவும் சன்னமாக, வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் அவர் ஏற்றுக்கொள்ளாத குரலில், “யாரு சொன்னா?” என்று கேட்டார்.

“யாரும் சொல்லலை. கேக்குது.”

“எங்க கேக்குது?”

“எல்லா எடத்துலயும். ரொட்டிக்கடையில, சர்ச்சு வாசல்ல, எங்க அப்பா லாரியில. நீங்க இதே பாட்டைத்தான் வாசிப்பீங்க. மேல ஏறுற எடம் வந்ததும் நிறுத்திடுவீங்க. எங்க அப்பாவுக்கு எரிச்சலா வரும். பதிஸ்தே மாமா மிச்சத்தை விசில் அடிச்சு முடிச்சுட்டுத்தான் கடையைத் திறப்பாரு.”

டீச்சருக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடாக ஏறியது. துண்டு சுருட்டி வைத்தாரே கதவிடுக்கில்! எத்தனை வருஷம்! ‘நல்லாத் தூங்கினீங்களா டீச்சர்’ என்று கேட்ட ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. பதிஸ்தே, இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தப்புக்குக்கூடக் கீழேயிருந்து கத்துகிறவன். ஊர்த் தலைவி. அந்தப் பாதிரியார்கூட. அவரிடம் வந்து மேஜை தட்டப் பழகிய கூட்டம், இந்த ஒன்றுக்கு மட்டும் அவருக்கு நேரே ஒருவர்கூட மேஜை தட்டவில்லை. வெட்கமாக இருந்தது, அழவேண்டும்போல இருந்தது, ஊர் அவர்மேல் வைத்திருந்த அந்தப் பிரியத்தைத் தாங்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து கடைசியில் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“அத்தனை பேரும் கேட்டுட்டு, ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லலியா? இதுக்கா நான் சொல்லிக்குடுத்தேன்?”

“நான் சொல்லிட்டேன்ல” என்றாள் ஆர்லெத்.

மெட்டு முடிந்தது. கதவு திறக்கவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். பிறகு இரண்டாவது முறை மெட்டு தொடங்கியது. முதல் சுரத்திலேயே ஒரு தடுமாற்றம். பெனிசோலாவில் ஒரு வாசலில் இரண்டாவது முறை வாசித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேண்டு மாஸ்டர் அன்செல்ம் அன்று டிரம் அடித்த பையன். மெட்டு சற்று விரைவாக ஓடியது. கீக்கே, “ஆர்லெத்! கண்ணு!” என்று கூப்பிட்டான். அவன் குரலில் அந்தப் பழைய பூட்டின் பயம் இருந்தது. மகள் மறுபடி வாயடைத்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான், பாவம்.

“போடி. உங்க அப்பன் உசுரு போகுது. இது முடிஞ்சா அவங்க போயிடுவாங்க.”

“தெரியும்.”

“உன்னைத்தான் கூப்பிட வந்திருக்காங்க. நாலு வருஷம் பாடுபட்டிருக்கே. என்னால உனக்குக் கெட்டுப்போகக் கூடாது, புரியுதா?”

“அப்ப வாங்க.”

“எதை வெச்சுக்கிட்டு வர்றது? வெறுங்கையை வீசிக்கிட்டா?”

ஆர்லெத் ஒரு கணம் யோசித்தாள். வலது கையிலிருந்த தட்டின் வாரை அவிழ்த்தாள். டீச்சரின் கையைப் பிடித்து அதற்குள் நுழைத்தாள்.

“கட்டை விரல் வெளிய. வாரை இறுக்கிப் பிடிக்கணும்.”

“எனக்குத் தெரியும்டி.”

“உள்ள நின்னா எல்லாருக்கும்தான் தெரியும்.”

டீச்சர் அந்தத் தட்டைப் பார்த்தார். கனமாக இருந்தது. “ஒத்தைத் தட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண முடியாது. அதான் ரெண்டு பேரும் போகணும்.”

மெட்டு மேலே ஏறும் இடத்தை நெருங்கியது. ஆர்லெத் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்துக் கதவைத் திறந்தாள்.

நவம்பர் வெயில் நேராக முகத்தில் அடித்தது. தெரு நிறைய நீலச் சீருடை. முதல் படியில் ஆர்லெத், அவளுக்குப் பின்னால் இரண்டு கம்பளிச் சட்டையோடு டீச்சர், கையில் ஒரு தட்டு. முன்வரிசைக் கிளாரினெட்டுகள் மூச்சைத் தவறவிட்டன; அரைத் தாளத்துக்கு மெட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. அன்செல்மின் குச்சி காற்றில் நின்றது. பெரிய டியூபா ஊதுகொம்புக்குப் பின்னாலிருந்து பதிஸ்தேயின் கண்கள் மட்டும் தெரிந்தன. பிறகு, எங்கிருந்தோ ஒரு டிரம் பிடித்துக்கொள்ள, மெட்டு இன்னும் சத்தமாக மேலே ஏறியது.

டீச்சருக்கு ஒரு கால் படியில், ஒரு கால் இன்னும் வாசலுக்கு உள்ளே. பின்னால் நடை இருட்டாக, குளுமையாக, அவருக்குப் பழகிய இடமாகத் திறந்துகிடந்தது. ஆர்லெத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தன் தட்டைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள்.

மகளைக் கண்ட சந்தோஷத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்ற கீக்கே திடீரென்று சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினான். “டீச்சர், கதவை மட்டும் சாத்திடாதீங்க! சாவி உள்ள இருக்கு! சாத்தினா யாரும் திரும்ப உள்ள போக முடியாது!”

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தட்டு இல்லாத கையைப் பின்னால் நீட்டி, பூட்டு ‘டக்’கென்று விழும்வரை கதவை இழுத்துச் சாத்தினார்.